மலையைச் சுத்திட்டு வந்த பிறகு

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் வல்லம் பக்கம். செஞ்சி போய் பஸ் மாறினா திருவண்ணாமலை ரொம்ப தூரமில்லை. அப்பா பதினோரு வருஷமா பௌர்ணமி தவறாம கிரிவலம் போறவர். காய்ச்சல் அடிச்சாலும் போவார். 14 கிலோமீட்டரும் செருப்பு இல்லாம. இந்தத் தடவை நானும் கூடவே போனேன். எட்டு லிங்கத்துக்கிட்டயும் நின்னு கும்பிட்டு, ராத்திரி முழுக்க நடந்து, விடியற்காலை பஸ்ஸில் நின்னுக்கிட்டே தூங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

வந்து பார்த்தா வெந்நீர் போட்டு வைக்கலை. மாடு கத்துதுன்னு அம்மா கொட்டகைக்குப் போயிருந்தாங்க. அவ்வளவுதான். அப்பா ஆரம்பிச்சுட்டார். "ராத்திரி பூரா நடந்துட்டு வர்றவனுக்கு ஒரு வெந்நீருக்குக் கூட வக்கில்லையா" என்று சொம்பு முற்றத்துல பறந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மாவுக்காகப் பேசறேன்னு நினைச்சுக்கிட்டு அவரைவிட ரெண்டு மடங்கு சத்தமா கத்தினேன். எங்க ரெண்டு பேர் நெத்தியிலும் விபூதி அப்படியே இருந்தது. அம்மா சொம்பைக் குனிஞ்சு எடுத்து வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க:

"ரெண்டு பேரும் மலையைத்தானே சுத்திட்டு வந்தீங்க?"

கிண்டல் எல்லாம் இல்லீங்க. நிஜமாவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாங்க. அதுதான் இன்னும் குடையுது.

அப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சென்னையில ரெண்டு நாள் தியான வகுப்புக்குப் பணம் கட்டிப் போனவன் நான். மொபைல்ல ஒரு தியான ஆப் வேற. அன்னிக்குக் காலையில அது "தொடர்ந்து 43 நாள்" என்று பச்சைக் கலரில் வாழ்த்து சொல்லியிருந்தது. கத்தி முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் பார்த்தேன் :-)

எனக்குத் தோணுவது இதுதான். சாதனை, விரதம், தவம் எதுவானாலும் நாம எண்ண முடிஞ்சதை மட்டும் எண்ணுகிறோம். எத்தனை சுற்று, எத்தனை மாலை, எத்தனை நாள் உபவாசம், எத்தனை லட்சம் ஜபம். வீட்டுல இருக்கிறவங்க மேல எத்தனை தடவை பாய்ஞ்சோம் என்று யாரும் கணக்கு வைக்கிறதில்லை. அதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிற ஒரே ஆள் பாய்ச்சலை வாங்கிக்கிட்டவங்கதான்.

செஞ்சிக்குப் பக்கத்துல திருநாதர்குன்று இருக்கு. பாறையில 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையா செதுக்கி வெச்சிருக்கிற இடம். சந்திரநந்தி என்கிற சமண ஆசிரியர் 57 நாள் உணவு துறந்து உயிர் விட்டதைச் சொல்கிற ரொம்பப் பழைய தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கு. அந்த உறுதி முன்னாடி நான் வாய் திறக்க முடியாது. ஆனா ஒண்ணு யோசிச்சேன். 57 நாளைக் கல்லில் வெட்டலாம். அந்த மனுஷருக்குள்ள என்ன அடங்கியது, அதை எப்படி வெட்டுவது?

இந்த விஷயத்துல நம்ம புராணக்காரங்க நம்மைவிட நேர்மையானவங்க. விசுவாமித்திரரை எடுத்துக்கோங்க. டிவி சீரியல் புண்ணியத்துல அவரை மேனகையோட முடிச்சுடறோம். வால்மீகியோட பால காண்டத்துல ராமனுக்கு சதானந்தர் சொல்கிற கதை அதைவிட நீளம். வசிட்டரோட பசுவைப் பிடுங்கப் போய்த் தோத்த ராஜா, "நானும் பிரம்மரிஷி ஆகிறேன்" என்று தவத்துக்குப் போகிறார். ஆரம்பமே வீம்பு. நடுவுல திரிசங்கு விவகாரத்துல வசிட்டரோட பிள்ளைகளையே சபிக்கிறார். அப்புறம் மேனகையோட பத்து வருஷம். அதுல ஒரு சின்ன விஷயம் பாருங்க, நடந்தது புரிஞ்சதும் அவளைத் திட்டாம நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்புகிறார். சரி, தேறிட்டார் போலன்னு நினைக்கிறோம். பிரம்மாவே வந்து மகரிஷி என்கிறார். "அப்போ நான் புலன்களை ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டா, "இன்னும் இல்லை, முயற்சி பண்ணு" என்று பதில் வருகிறது.

அடுத்து ரம்பை வருகிறாள். இந்தத் தடவை ஆசையில விழலை. கோபத்துல விழுந்தார்! அவளைக் கல்லாகப் போகும்படி சபிச்சுட்டு, தவம் அத்தனையும் போச்சே என்று உட்கார்ந்து வருத்தப்படுகிறார். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, க்ளோஸ் பண்ண பக் திரும்பத் திரும்ப ரீஓப்பன் ஆகுது. முனிவரோட தோல்விப் பட்டியலை இவ்வளவு விலாவாரியா எழுதி வெச்ச மரபு நம்முடையது. நாமதான் வெற்றியை மட்டும் நோட்டீஸ் அடிக்கிறோம்.

கடைசியில எது அவரைக் கரை சேர்த்தது என்பதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ஆயிரம் வருஷ விரதம் முடிச்சு சாப்பிட உட்கார்கிறார். இந்திரன் பிராமண வேஷத்துல வந்து அந்தச் சோற்றைக் கேட்கிறான். முழுசையும் தூக்கிக் கொடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம திரும்பவும் தவத்துக்கு உட்கார்ந்துவிடுகிறார். பசியில, இலை முன்னாடி, நியாயமா கோபம் வர வேண்டிய நேரத்துல வாய் திறக்கலை. எங்க வீட்டு வெந்நீர் சமாச்சாரத்தை இதோட ஒப்பிட்டுப் பார்த்தேன். வேண்டாம், விடுங்க.

இதை ஆபீஸ் நண்பர்கிட்ட சொன்னப்போ அவர் மடக்கினார். "ரமணருக்கு என்ன சாதனை? 1896-ல் மதுரையில சித்தப்பா வீட்டு மாடியில, 16 வயசுல, மரண பயம் வந்தது, படுத்தார், கொஞ்ச நேரத்துல எல்லாம் முடிஞ்சது. அது அருள். உன் வெந்நீர்க் கணக்கு எல்லாம் அங்கே செல்லாது."

சரிதான். ஆனா அந்த நாளுக்கு அப்புறம் தன்கிட்ட என்ன மாறியது என்று அவரே பின்னாளில் சொன்னது என்ன தெரியுமா? முன்னாடி கூட இருக்கிற பசங்க கேலி பண்ணா திருப்பிக் கொடுப்பாராம், தலையில வேலையைக் கட்டினா முணுமுணுப்பாராம். அப்புறம் அது இல்லை. தட்டுல என்ன விழுந்தாலும், ருசியோ ருசியில்லையோ, சாப்பிட்டுவிடுவாராம். அவ்வளவு பெரிய அனுபவத்துக்கு அவர் காட்டிய அடையாளம் வீட்டுச் சாப்பாடும் பசங்க கேலியும்தான். அதே மனுஷரை 1924-ல் ஆசிரமத்துக்குள்ள புகுந்த திருடர்கள் அடிச்சப்போ, திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களை அவர்தான் தடுத்தார். விடியறதுக்கு முன்னாடியே சமையல்கட்டுல காய் நறுக்க உட்கார்கிற பழக்கமும் பல வருஷம் இருந்தது. துறவு வாங்கறேன் என்று வந்த குடும்பஸ்தர்களைப் பெரும்பாலும் வீட்டுக்கே திரும்பிப் போகச் சொன்னவரும் அவர்தான்.

நண்பர் விடலை. "வீட்டுல எப்படி இருக்கான் என்பதுதான் அளவுன்னா, அம்மாகிட்ட சொல்லிக்காம ஓடிப்போனவருக்கு எத்தனை மார்க் போடுவே?"

இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. 1898 கடைசியில அம்மா அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, நாள் கணக்கா அழுது கூப்பிட்டும் அவர் மௌனமாகத்தான் இருந்தார். கடைசியில ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்த இடத்தை எப்போ படிச்சாலும் நான் அந்த அம்மா பக்கம்தான். ஆனா கதை அங்கேயே நிக்கலை. 1916-ல் அவங்க மகனோடவே தங்க வந்தப்போ போகச் சொல்லலை. 1922 மே 19-ம் தேதி, அவங்க உயிர் பிரியற வரைக்கும் மணிக்கணக்கா ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சமாதி இருக்கிற இடத்துலதான் ரமணாசிரமமே வளர்ந்தது. இருபது வருஷ இடைவெளியை இது ஈடு கட்டுமா? தெரியலை. மார்க் போடுகிற இடத்துல நான் இல்லை என்பது மட்டும் தெரியுது.

என் அளவுல நான் முடிவு பண்ணது சின்ன விஷயம். ஆப்பை மொபைலில் இருந்து எடுத்துட்டேன். தியானத்தை விடலை, எண்ணிக்கையைத்தான் விட்டேன். அப்பாகிட்ட போன்ல, "அன்னிக்கு நான் கத்தினது தப்பு" என்று சொன்னேன். "சரி சரி, வெயில்ல அலையாதே" என்றார். அவர் அகராதியில அது என்ன அர்த்தம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அப்புறம் ஒண்ணு உறைச்சது. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இவ்வளவு பக்கத்துல இருந்தும் அம்மா ஒரு தடவை கூட கிரிவலம் போனதில்லை. மாட்டை யார் பார்க்கறது? அதனால அடுத்த பௌர்ணமிக்கு அம்மா அப்பாவோட போகட்டும், நான் வந்து வீட்டுல இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அப்பா தலையாட்டிட்டார். அம்மாதான் யோசிக்கறாங்க. எனக்குப் பால் கறக்கத் தெரியாதாம்.