கம்பி வந்த ஊரும் சேதி வந்த ஊரும்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அது ஒருசில பெருநகரங்களுக்கு மட்டுமே கிடைத்தது. வீட்டில் டெலிபோன், கணினி வாங்கப் பணம், ஆங்கிலப் படிப்பு மூன்றும் இருந்தவருக்குத்தான் மோடத்தால் பயன். 1998 இறுதியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. இந்தியாவில் இணையம் வளர்ந்த கதையை இப்படி இணைப்புகளை எண்ணியே சொல்லிப் பழகிவிட்டோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி போன்ற கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பார்த்தால் அந்தக் கணக்கு போதாது. கம்பி எத்தனை ஊருக்குப் போனது என்பதைவிட, அதில் வந்த சேதியை வாங்கி, தமிழில் சொல்லி, தேவைப்பட்டவர் காதில் போட ஊருக்குள் யார் இருந்தார் என்பதுதான் அந்த ஆண்டுகளின் முக்கியமான கேள்வி. இன்றும் அதுவே கேள்வி.

இதற்குச் சான்று நம் கிழக்குக் கடற்கரையிலேயே இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து வயர்லெஸ் ரேடியோ வழியே கிராமங்களுக்குத் தகவல் போனது. கரண்டை நம்ப முடியாததால் சூரிய மின்தகடுகளும் வைத்தார்கள். மையத்துக்கான இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், எந்தச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பவை நிபந்தனைகள். வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் இதழும் அச்சாகி வந்தது. அந்த வட்டாரத்தில் கணினி வைத்திருந்த வீடுகளை மட்டும் எண்ணியிருந்தால் இவற்றில் எதுவும் கணக்கில் வந்திருக்காது.

சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 காலையில், புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் இந்த ஏற்பாட்டின் மதிப்பு தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் ஆபத்தை உணர்ந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் சிதைந்தன. 3,500-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் ஒருவரும் சாகவில்லை. எச்சரிக்கை இணையத்தில் வரவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அது டெலிபோனில் வந்தது. ஆனால் அந்த ஒலிபெருக்கி ஊர் நடுவே இருந்ததற்கும், அதிலிருந்து குரல் வந்தால் நம்பி ஓடும் பழக்கம் ஊருக்கு இருந்ததற்கும் இணையத்துக்காகப் போட்ட அடித்தளமே காரணம்.

அப்படிப்பட்ட மையங்கள் எங்கே நிலைத்தன என்பது நியாயமான எதிர்வாதம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரம் அதற்கு உதாரணம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் வயர்லெஸ் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2001 வாக்கில் அங்கே கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. தாலுகா அலுவலகம் போகாமலேயே சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆனால் ஏன் மூடப்பட்டன என்று ஆராய்ந்தவர்கள் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஆதரவு தந்த அதிகாரிகள் மாறியதும் அரசு சேவைகள் நின்றன. தனி ஆள் கடன் வாங்கி நடத்திய மையங்கள் சீக்கிரம் விழுந்தன; ஒரு நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தவையும், முன்பே கணினிப் பயிற்சி பெற்றவர் நடத்தியவையும் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. கிராமத்துக்கு இணையம் வேண்டாம் என்று இது காட்டவில்லை. நடத்துகிறவரை இலாபத்தின் தயவில் விட்டதே பிழை. பள்ளிக்கூட வாத்தியாரை மாதக் கட்டணம் வசூலித்துப் பிழைத்துக்கொள் என்று நாம் சொல்வதில்லை.

இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனத்தின் அலை, காற்று முன்னறிவிப்புகள் இன்று போனிலேயே கிடைக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, டவர்கள் செயலிழந்தன, பல நாட்கள் போனுக்குச் சார்ஜ் போடக்கூட வழியில்லை. சேதி அதிகம் தேவைப்பட்ட நாட்களில்தான் கையிலிருந்த கருவி ஊமையானது. சாதாரண நாளிலும், படகு கரையை விட்டு விலக விலக சிக்னல் மங்கிவிடும். கரையில் இருக்கும்போதே வானிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடமும் நம்பிக்கையான ஆளும் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

கருவியோடு ஆளையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். தொண்டர்கள் ஊர் ஊராகப் போனதால்தான் புத்தகம் போய்ச் சேர்ந்தது. இன்று பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. அது ஊராட்சி அலுவலகச் சுவரோடு நின்றுவிடக் கூடாது. உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு நிரந்தரச் சம்பளம், பயிற்சி, சூரிய மின்சாரத்தில் ஓடும் ஓர் ஒலிபெருக்கி ஆகியவற்றையும் அதே திட்டத்தில் எழுத வேண்டும். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகு அணையும் இடங்களிலிருந்தே தொடங்கலாம், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக.