டோக்கனுக்கு ஒரு வரிசை

2023-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள், மூன்று பண்டிகைகளை ஒட்டி மூன்று ஊர்களில் சாவு விழுந்தது. ஜனவரி 1 அன்று ஆந்திரத்தின் குண்டூரில் சங்கராந்திப் பரிசுக்காகத் திரண்ட கூட்டத்தில் சிக்கி மூன்று பெண்கள் இறந்தார்கள். பிப்ரவரி 4 அன்று, தைப்பூசத்துக்கு முதல் நாள், திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலையை நம்பி வந்த நான்கு மூதாட்டிகள் மிதிபட்டு இறந்தார்கள். ஏப்ரல் 19 இரவு, நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏமன் தலைநகர் சனாவில் வணிகர்கள் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த பள்ளிக்கூடத்தில் குறைந்தது 78 பேர் மாண்டார்கள். அங்கே தலைக்குக் கிடைக்கவிருந்தது 5,000 ரியால். அமெரிக்கக் கணக்கில் பத்து டாலரைத் தாண்டாது.

மதம் வேறு, மொழி வேறு. கொடுத்த விதம் மட்டும் ஒன்று: வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும்.

வாணியம்பாடியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்று அங்கே கையில் கொடுக்கப்பட்டது சேலைகூட இல்லை, சேலைக்கான டோக்கன். நெரிசல் வரக்கூடாது என்பதற்காகத்தான் டோக்கன் என்ற ஏற்பாடே வந்தது. அந்த டோக்கனையும் கூட்டத்தைக் கூட்டி வைத்துக் கொடுத்தால், முதல் வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை முளைக்கிறது, அவ்வளவுதான். ‘டோக்கன் தீர்ந்துவிடும்’ என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் நிறைந்த வரிசை எத்தனை நொடி தாங்கும்?

இதே தமிழ்நாட்டில் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அரசின் பொங்கல் பரிசைக் கொடுத்து முடித்திருந்தார்கள். 1,000 ரூபாய், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. அறிவிக்கப்பட்டது 2 கோடியே 19 லட்சம் ரேஷன் அட்டைகளுக்கு. இதைக் குறைசொல்லவும் விஷயம் உண்டு. கரும்பு முதல் அறிவிப்பில் இல்லை, குரல் எழுந்த பிறகே சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 21 பொருள்கள் கொடுத்தபோது வெல்லத்தின் தரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஆனால், ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். ரேஷன் கடை ஊழியர் வீடு தேடி வந்து டோக்கன் கொடுத்தார். எந்த நாள், எந்த நேரம் வரவேண்டும் என்பது அதிலேயே இருந்தது. கூட்டம் கடைக்கு வருவதற்கு முன்பே, வீட்டு வாசலிலேயே பிரிந்துவிட்டது.

தனியார் கொடையாளர்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால், வீட்டு வாசலில் கொடுத்தால் மேடை கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது, அட்டை வைத்து மடித்த சேலையின் ஒரு முனையை வள்ளலும் மறுமுனையை மூதாட்டியும் பிடித்தபடி எடுக்கும் அந்தப் புகைப்படம் கிடையாது. கூட்டம்தான் கொடையின் அளவுகோல் என்றாகிவிட்டது. காலை ஐந்து மணிக்கே வந்து, செருப்பையும் பையையும் போட்டு இடம்பிடிக்கிற பெண்கள் அந்தப் படத்துக்கான பின்னணி.

இந்த ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1899 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சால்வேஷன் ஆர்மி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு விருந்து வைத்தது. கீழே ஏழைகள் சாப்பிட, மேலே மாடத்தில் பணக்காரர்கள் கட்டணம் செலுத்தி உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். அமெரிக்கக் கிறிஸ்துமஸின் வரலாற்றை எழுதிய ஸ்டீபன் நிஸன்பாம் இந்தக் காட்சியை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்.

அதே அமைப்பு 80 ஆண்டுகள் கழித்து வேறு பாடம் படித்திருந்தது. 1979-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் அதன் அதிகாரிகளான ஒரு தம்பதியர், ஏழைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்ட பொருள்களைத் தேவதைப் படம் போட்ட வாழ்த்து அட்டைகளில் எழுதி, கடை வளாகத்தில் இருந்த கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். கடைக்கு வருபவர் ஓர் அட்டையை எடுத்து, அதில் உள்ளதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ‘ஏஞ்சல் ட்ரீ’ என்ற பெயரில் இன்று அது அமெரிக்கா முழுவதும் நடக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் முகம் பார்ப்பதில்லை. அட்டையில் இருப்பது பிள்ளை கேட்டது, கொடுப்பவர் கழித்துவிட்டது அல்ல.

இஸ்லாத்தில் கூட்டம் கூட்டாமல் கொடுக்கும் ஏற்பாடு இன்னும் பழையது. வசதியுள்ளவர் பச்சைக் குழந்தை உட்பட வீட்டில் தலைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ தானியமோ அதற்கான பணமோ ஃபித்ராவாகக் கொடுத்தாக வேண்டும். அதிலும் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தொழுகை முடிந்து கொடுத்தால் சாதாரண தர்மம். பண்டிகைக் காலையில் ஏழை வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பது இந்தக் கெடுவுக்குள் இருக்கும் கணக்கு. எந்த வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்த ஜமாஅத்தின் கையால் போய்ச்சேரும்போது யாரும் யார் வீட்டு முன்பும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. சனாவில் நடந்தது ஏற்பாட்டின் குறையால் அல்ல. ஏற்பாடு தெரிந்த ஊரிலேயே கூட்டத்தைக் கூட்டியதால்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ரேஷன் அட்டை இல்லாதவர், நடைபாதையில் படுப்பவர், நேற்று வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலைக்குச் சேர்ந்தவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். ‘யார் வந்தாலும் உண்டு’ என்கிற கொடைதான் அவர்களுக்கு வழி. உண்மைதான். ஆனால், அவர்களைத் தெரிந்தவர்கள் அந்தந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்: அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, தூய்மைப் பணியாளர், டீக்கடைக்காரர். வந்து கேட்டால் ஒரு மணி நேரத்தில் பட்டியல் சொல்லிவிடுவார்கள். பட்டியல் வேண்டும் என்று நினைப்பவர் குறைவு, அதுதான் சங்கடம்.

தீபாவளிக்கு 500 சேலை எடுக்க நினைப்பவர் ஒன்று செய்து பார்க்கலாம். உள்ளூர் ஜவுளிக்கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, தெருவாரியாக நாள் குறித்த சீட்டுகளை வீடுகளில் சேர்க்கலாம். நிறத்தைக் கட்டப்போகிறவரே பார்த்து எடுத்துக்கொள்வார். சேலை ஒரே மாதத்தில் தூளியாக மாறாது. சேலையாகவேதான் கொடுக்க வேண்டும் என்றால், பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு லோடு ஆட்டோவை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துவிடலாம்.