வினாகிரி மணக்கும் மொனிட்டர்

எங்கட அறையில ஒரு 17 அங்குல மொனிட்டர் இருக்கு. மூண்டு பட்ச் அண்ணாமார் பாவிச்சு விட்டுப்போனது. நாலு பேரும் மாறி மாறி அதிலதான் ஒப்படை அடிக்கிறம், படம் பார்க்கிறம். போன வருசம் அதன் ஓரங்களில் மண்ணிறமாக ஒரு படை பிடிக்கத் தொடங்கியது. பிறகு குமிழ்கள் வந்தன. பிறகு கறை நடுத்திரை வரைக்கும் ஊர்ந்து வந்தது. கிட்டப் போனால் வினாகிரி மணம். ஆய்வுக்கட்டுரை கொடுக்க ஆறு கிழமைதான் இருந்தது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்க இருந்தவர் ஒருக்கால் பார்த்தார். "பனல் செத்துப்போச்சு தம்பி. புதுசா ஒண்டு வாங்குங்கோ" எண்டார். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் பனல் சாகவில்லை. அது எங்களுக்குத் தெரியவந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. அதற்கு முன்னால் இரண்டு கண்ணாடிகள், அவற்றுக்கு நடுவில் திரவப் பளிங்கு. கண்ணாடிகளின் இரு வெளிப்பக்கமும் ஒவ்வொரு முனைவாக்கும் தாள் ஒட்டியிருக்கும். பின்தாள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். பளிங்கு அந்தத் திசையைத் திருப்பும், அல்லது திருப்பாமல் விடும். எது வெளியே வரலாம், எது வரக்கூடாது என்று கடைசியில் முடிவெடுப்பது முன்தாள்.

அந்தத் தாளில் அயடீன் ஊட்டிய பிளாஸ்ரிக் படலம் ஒன்று இருக்கிறது. அதை மூடிக் காப்பது பெரும்பாலும் செலுலோஸ் அசற்றேற்று. வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்தால் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை விடும். வினாகிரி மணம் அதுதான். பழைய சினிமாப் படச்சுருள்களை ஆவணக்காப்பகங்களில் அழிப்பதும் இதே கோளாறுதான். எங்கட ஊர்க் காலநிலை இரண்டுக்குமே எதிரி.

நாலு பேரும் காசு போட்டுப் புதுத் தாள் ஒன்று எடுப்பித்தோம். ஆளுக்கு இரண்டு, மூன்று சோத்துப்பார்சல் காசு போனது. அளவு மட்டும் சொன்னால் போதாது, கோணமும் சொல்லவேணும். எங்கடதைப் போன்ற பழைய டிஎன் வகை மொனிட்டர்களில் தாள் பெரும்பாலும் 45 பாகையில் நிற்கும். வேறு வகைகளில் 0 அல்லது 90.

உரிப்பது லேசான வேலையில்லை. பழைய தாள் துண்டு துண்டாகத்தான் வந்தது. மிஞ்சிய பசையை அல்ககோல் தடவி ஊறவிட்டுச் சுரண்ட இரண்டு நாள் பிடித்தது. கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய நாடா இணைப்புகள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் திரையில் கோடு விழும். பழைய மொனிட்டரின் விளக்குக்குப் பல நூறு வோல்ற் போவதால், பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விடாமல் உள்ளே கை வைக்கவும் கூடாது.

பசை போனதும் மொனிட்டரைப் போட்டுப் பார்த்தோம். வெறும் வெள்ளை. ஒரு எழுத்தும் இல்லை. புதுத் தாளை முன்னால் பிடித்தோம். கட்டுரைத் தலைப்பு அப்படியே வந்து நின்றது. தாளை 90 பாகை திருப்பினால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறியது. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு தாளுக்கு அடிபிடி.

"ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு ஏனடா இந்த வேலை?" என்று பொறியியல் பீட நண்பன் ஒருவன் கேட்டான். பகிடிதான். ஆனால் நாங்களும் அதை நம்பித்தான் வளர்ந்திருக்கிறோம். சாமான் பழுதானால் தெரிந்தவர் சொல்லவேணும், நாங்கள் கேட்கவேணும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குக் கிட்டப் போனபோது, "புதுசு வாங்குங்கோ" என்ற சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்று விளங்கியது. லப்டொப் வாங்க இருந்தவர்கள் போனிலேயே ஒப்படை எழுதினார்கள்.

பழைய மொனிட்டர் இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்குமே, இரண்டு நாளை ஏன் வீணாக்கினீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேரத்துக்குக் கூலி போட்டால் எங்களுக்கு நட்டம்தான். கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்லமுடியாது. இரண்டு நாள் பசை சுரண்டினால் அவர் எவ்வளவு காசு கேட்பது? ஆனால் "திருத்தலாம், எனக்குக் கட்டாது" என்பது வேறு, "செத்துப்போச்சு" என்பது வேறு. முதலாவதைச் சொல்லியிருந்தால் முடிவை நாங்கள் எடுத்திருப்போம். இரண்டாவது எங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கிறது. அப்படித் தூக்கி எறியும் பழைய மொனிட்டர்களின் விளக்குக் குழாயில் பாதரசமும் இருக்கிறது. அது குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

பிரான்சில் 2021 முதல், லப்டொப் போன்ற சாதனங்களைத் திருத்துவது எவ்வளவு இலகு என்று பத்துக்குப் புள்ளி போட்டு விற்கவேணும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்கென்றே ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. இங்கேயும் அப்படியொன்று வேணும். அதுவரைக்கும் சும்மா இருக்கவேண்டியதில்லை. கம்பஸ் ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, கொஞ்சம் ஆயுதங்கள், மாதத்தில் ஒரு பின்னேரம் போதும். பொறியியல் பிள்ளைகள் வரட்டும், நாங்களும் வாறம்.

எங்கட திரையின் வலது மூலையில் இப்பவும் இரண்டு குமிழ் இருக்கு. ஒட்டும்போது தூசி போய்விட்டது. ஆய்வுக்கட்டுரை நாள் தவறாமல் போனது. இந்தக் கட்டுரையையும் அதிலதான் அடிக்கிறம்.