பழமொழிக்கு வக்காலத்து

பழமொழிகள் பொய் என்று நிரூபிக்க இதை எழுதவில்லை. அவற்றில் பல பொய் என்பது அவற்றைச் சொல்கிறவர்களுக்கே தெரியும். என் சண்டை வேறொரு கூட்டத்தோடு. பழமொழி பொய்யாக இருக்கவே முடியாது, பெரியவர்கள் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆகவே நம் காதில்தான் கோளாறு என்று வாதிடுகிறார்களே, அவர்களோடு. பட்டிமண்டபத்தில், பக்திச் சொற்பொழிவில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், இப்போது கைபேசியில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிற செய்தியில், எங்கும் இவர்கள்தான்.

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது மூலம் இல்லையாம். 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதுதான் மூலமாம். கழு என்பது ஒரு வகைக் கோரை. அதில் பாய் தைத்தால் கற்பூரம் மணக்குமாம். சபை கைதட்டுகிறது. கன்னடம் தெரிந்த ஒருவரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். அங்கேயும் ஒரு கழுதை இருக்கிறது. அதற்குக் கஸ்தூரி வாசனை தெரியாது. தெலுங்குக் கழுதைக்குச் சந்தன வாசனை தெரியாது. இந்தியில் கழுதைக்குப் பதில் குரங்கு, வாசனைக்குப் பதில் இஞ்சியின் ருசி. கழுதைக்குக் கன்னடத்தில் 'கத்தெ', தெலுங்கில் 'காடித' என்று பேர். இந்தச் சொற்களை எந்த இடத்தில் வெட்டினால் கோரைப்புல் கிடைக்கும்? நாலு பாஷைக்காரர்கள் ஒரே கேலியைச் செய்துகொண்டிருக்கும்போது, தமிழன் மட்டும் பாய் முடைந்துகொண்டிருந்தான் என்று நாம் நம்ப வேண்டும்.

மண்குதிரையும் இப்படித்தான். அது ஆற்று மணல்திட்டாகிய 'மண்குதிர்' என்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஐயனார் கோயில்களில் வரிசையாக நிற்கிற குதிரைகளைப் பார்த்தவனுக்கு, களிமண் தண்ணீரில் கரையும் என்று தெரிந்தவனுக்கு, இந்தப் பழமொழியில் விளங்காதது ஒன்றுமில்லை. விளங்குகிறதே என்பதுதான் இவர்களுக்குத் தொந்தரவு போலும்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' விஷயத்தில் இவர்கள் செய்திருப்பது இன்னும் மோசம். வலது கை சாப்பாட்டுக்கு முன்னே போகும், போரில் அம்பை இழுக்கப் பின்னே போகும். எனவே இது வீரத்தின் புகழாம். எனக்கு அந்தக் கோழைதான் வேண்டும். யாருடைய சண்டைக்கோ பிடித்துக்கொண்டு போகப்பட்டவன், வயிறார எப்போதாவதுதான் சாப்பிட்டவன், தன் பிள்ளைக்குச் சொன்ன புத்திமதி அது. ராஜாக்களின் மெய்க்கீர்த்திகள் கல்லில் ஏராளமாக இருக்கின்றன. அவர்கள் பின்னால் நடந்தவன் வாயிலிருந்து நமக்கு மிச்சமிருப்பது கொஞ்சம். அதையும் பிடுங்கி வில்லாளியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இவர்கள் எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறார்கள்? பழமொழி என்பது உண்மையைச் சொல்லும் வாக்கியம் என்ற நினைப்புதான் காரணம். தொல்காப்பியருக்கு இந்த மயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. செய்யுளியலில் முதுமொழிக்கு அவர் கேட்பது நுண்மை, சுருக்கம், ஒளி, மென்மை. குறித்த பொருளை முடிப்பதற்குக் காரணமாக வருவது என்கிறார். பட்டியலில் உண்மை இல்லை. முடிப்பது என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். பழமொழி விவாதத்தைத் தொடங்கி வைப்பதில்லை, முடித்து வைக்கிறது. அதனால்தான் எந்தப் பக்கம் முடிக்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு ஒன்று தயாராக இருக்கிறது. நிற்கச் சொல்ல வேண்டுமென்றால் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே'. தள்ளிவிட வேண்டுமென்றால் 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது'. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று ஒருவர் சொன்னால் 'வெளுத்ததெல்லாம் பாலல்ல' என்று அடுத்தவர் சொல்லலாம். (முகத்தைப் பார்த்து அகத்தை எடை போடும் வித்தை எங்கள் கவுண்டரில் செல்லாது, கையெழுத்தைத்தான் பார்க்கிறோம். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று ஜனங்களிடம் சொல்லித்தான் டெபாசிட் சேர்க்கிறோம் என்பதும் வாஸ்தவம். விலைவாசி வட்டியை முந்துகிற வருஷங்களில் துளி ஒரு பக்கம் சேர, ஒரு பக்கம் ஆவியாகிறது. இதற்குப் பழமொழி கிடையாது.)

ஆகவே பழமொழி உண்மையா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். யார், யாரிடம், எதை முடித்துவைக்கச் சொன்னது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

இந்த முடித்துவைக்கும் வேலை நம் கவிதைக்குள்ளும் புகுந்திருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முன்றுறை அரையனார் வெண்பாவுக்கு ஒரு பழமொழியாக வைத்து நானூறு செய்தார். பெரும்பாலும் கடைசி அடிதான் அதன் இருப்பிடம். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நாம் யாப்பை உதறிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். யாப்புதான் போயிற்று, ஈற்றடி போகவில்லை. இன்று வருகிற கவிதைகளில் எத்தனை, நாலு வரி சும்மா நடந்து ஐந்தாவது வரியில் மடக்கென்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நிற்கின்றன! வாசகன் 'ஆஹா' என்று தலையாட்டுகிறான். தலையாட்டிய பிறகு அவன் அந்த வரிகளில் இருந்த மரத்தையோ மனுஷியையோ திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியத்தைத்தான் கவிஞர் தீர்த்துவைத்துவிட்டாரே. இது புதுப் பழமொழி உற்பத்தி. இதையும் ஒரு தலைமுறை கழித்து யாராவது மேடையேறி 'மூலம் வேறு' என்று காப்பாற்றுவார்கள்.

கழுதையும் குதிரையும் கிடக்கட்டும். வக்காலத்து வாங்குகிறவர்களின் உண்மையான வேலை வேறிடத்தில் நடக்கிறது.

'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்'. இதில் அடி என்பது ஆண்டவனின் திருவடியாம். பக்கத்து வீட்டிலேயே 'அடியாத மாடு படியாது' குடியிருக்கிறது. அந்த மாட்டை எந்தத் திருவடி படியவைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. பிரம்பை ஓங்கியவன் சொன்ன வாக்கியம் இது. வாத்தியாரும் அப்பாவும் புருஷனும் பண்ணையாரும் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று தடைபோட 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு ஒன்று வேண்டியிருந்தது. திருவடிக்காகவா அந்தப் பிரிவு? அடி உதவுகிறது என்பது பொய்யும் அல்ல. அடிக்கிறவனுக்கு உதவியிருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த ஒப்புதல். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் விபூதி பூசுகிறார்கள்.

'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' என்பதை 'ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி' என்று மாற்றியதும் இதே சாமர்த்தியம். பையனின் சம்பளம், குடி, வியாதி, சில சமயம் முதல் சம்சாரம், இவற்றை மறைத்து நடந்த கல்யாணங்கள் எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்னவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆயிரத்தோடும் குடித்தனம் நடத்துகிறவள் ஒருத்தி. ஊரே கூடிச் செய்ததை ஊரே ஒத்துக்கொள்கிற அபூர்வமான சாட்சி அந்தப் பழமொழி. ஓர் எழுத்தை நீட்டி அதைக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற சமாசாரமாக ஆக்கிவிட்டார்கள்.

சரி, இத்தனை பழமொழிகளைக் காப்பாற்றுகிறவர்கள் சிலவற்றின் பக்கம் வருவதே இல்லை. பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேல் பழமொழிகள்; ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து இன்னொன்று போட்டார். மிஷனரிகள். அவர்கள் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், காதில் விழுந்ததைத் திருவடியாக்காமல் எழுதிவைத்தார்கள். அந்தக் காலத் தொகுப்புகளில் சாதிப் பெயரோடு தொடங்கும் பழமொழிகளைப் படித்துப் பார்க்கலாம். இங்கே அச்சிட எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் பெயர் நீக்கிச் சொல்கிறேன்: இன்ன சாதிக்காரியின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்தாலும் அதன் பேச்சில் பிறப்பு வந்துவிடும் என்கிறது. இதில் எந்தச் சொல்லை எங்கே வெட்டுவது? எந்தக் கோரையைச் செருகுவது? இதற்கு யாரும் மூலபாடம் கண்டுபிடிக்கவில்லை. மூலபாடம் இதுவேதான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பெர்சிவல் தொகுப்பு வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தன் பத்திரிகைக்குப் பெயர் வைத்து நடத்தினார். எந்தப் பெயரைச் சொல்லி இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராது என்றார்களோ அதே பெயரை முகப்பில் போட்டு, இழந்துகொண்டே போவதற்கு மறுத்து, பக்கம் பக்கமாகப் பேசினார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னை வாராவாரம் கொண்டுவந்தார்.

அயோத்திதாசரும் பழஞ்சொற்களுக்குப் புது வேர் சொன்னவர்தானே, அவருக்கு ஒரு நியாயம் இவர்களுக்கு ஒரு நியாயமா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவருடைய வேர்ச்சொல் ஆராய்ச்சி எல்லாம் பாஷையியல்படி நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கம் நின்று, தங்கள் மேல் எழுதப்பட்ட தீர்ப்பை எதிர்த்து வார்த்தைகளைக் கிளறினார். கிளறியதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகவே பத்திரிகை நடத்தினார். நம் மேடைக்காரர்கள் தீர்ப்பு எழுதியவர்களின் வாரிசுகள். தாத்தாவின் கையெழுத்து கோர்ட்டில் சாட்சியாக வரும்போது, அது அவர் கையெழுத்தே இல்லை, மை சிந்தியது என்கிறார்கள். கூடவே அந்தத் தாத்தாவுக்கு விழாவும் எடுக்கிறார்கள்.