வாரிசு வரி மீண்டும் வேண்டும்

இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40 சதவீதம், மேலே இருக்கும் ஒரு சதவீதத்தினரின் கையில் இருக்கிறது. 2022-23ஆம் ஆண்டு நிலவரம் குறித்து உலக சமத்துவமின்மை ஆய்வகம் வெளியிட்ட கணக்கு இது. இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: ‘ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?’

விரல்களின் நீளம் நாற்பது ஆண்டுகளில் மாறாது. நம் நாட்டின் வருமானப் பங்கீடு மாறியிருக்கிறது. 1930களின் இறுதியில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் நாட்டின் வருமானத்தில் சுமார் 21 சதவீதத்தைப் பெற்றார்கள். 1980களின் தொடக்கத்தில் அது 6 சதவீதமாகச் சுருங்கியது. 2022-23இல் 22.6 சதவீதம். கணக்கில் வராத பணத்தைச் சேர்த்தால் அந்த 6 சற்றுக் கூடலாம். இறங்கி ஏறிய கதை பொய்யாகாது. இயற்கையின் விதி ஒரே நாட்டில் இப்படி இறங்கி ஏறுவதில்லை.

இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோ 1890களில் பல நாடுகளின் வரிக் கணக்குகளைத் திரட்டி, வருமானம் எங்கும் ஏறக்குறைய ஒரே வடிவில் பிரிகிறது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ‘இது விதி’ என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அண்மைக் காலத்தில் இயற்பியலாளர்கள் உருவாக்கிய கணினி மாதிரிகள் இதைவிடக் கூர்மையான செய்தியைச் சொல்கின்றன. எல்லோரும் சமமான தொகையோடு தொடங்கி, நாணயம் சுண்டி இலாப நட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டே போனாலும், கடைசியில் பணம் ஒருவரிடமே போய்ச் சேருகிறது. திறமைக்கோ உழைப்புக்கோ அதில் வேலையே இல்லை. அதே மாதிரியில் சுற்றுக்குச் சுற்று சிறிதளவு வரி எடுத்து அனைவருக்கும் பகிர்ந்தால், அந்தக் குவிப்பு நின்றுவிடுகிறது. ஏற்றத்தாழ்வு தானாக முளைக்கக்கூடும். எவ்வளவு உயரம் வளர விடுவது என்பது நம் முடிவு.

அந்த முடிவைச் சட்டங்கள் எடுத்தன. ஜமீன்தாரி முறை ஒழிந்தது. 1953இல், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான எஸ்டேட் வரியும் 1957இல் செல்வ வரியும் வந்தன. பிறகு 1985இல் எஸ்டேட் வரி போனது. 1998இல் அன்பளிப்பு வரி, 2015 நிதிநிலை அறிக்கையில் செல்வ வரி. 1970களில் வருமான வரி உச்ச விகிதம் 97.75 சதவீதம் வரை போனது தவறு. கறுப்புப் பணத்தை அது வளர்த்தது. அந்தக் காலத்துக்குத் திரும்பும்படி நாம் கேட்கவில்லை.

பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்பதையும் இயற்கை என்றுதான் சொன்னார்கள். பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் 1989இல் சட்டமானது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டம் மாற்றி எழுதியதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி இருக்கிறது.

செருப்புக்கும் பற்பசைக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார் தினக்கூலித் தொழிலாளி. ஆயிரம் கோடி ரூபாய்ச் சொத்தைப் பிறப்பால் மட்டுமே அடைகிறவர், அதைப் பெற்றதற்காக ஒரு ரூபாய்கூட வாரிசு வரி கட்டுவதில்லை. இந்த அநீதியை இனியும் பொறுக்கக் கூடாது.

எஸ்டேட் வரியை நீக்க 1985இல் சொல்லப்பட்ட காரணம், வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான், நிர்வாகச் செலவோ அதிகம் என்பது. இன்று பங்குகள் டீமேட் கணக்கில் இருக்கின்றன. பத்திரப் பதிவு கணினியில் நடக்கிறது. பெரிய பரிவர்த்தனை எல்லாம் பான் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. ஜப்பானில் வாரிசு வரியின் உச்ச விகிதம் 55 சதவீதம், தென் கொரியாவில் 50, பிரிட்டனில் 40. அங்கெல்லாம் தொழில்கள் படுத்துவிடவில்லை.

குடியிருக்கும் வீட்டையும் சிறு விவசாயியின் நிலத்தையும் தொடாதபடி வரம்பை மிக உயரத்தில், பல கோடி ரூபாய்க்கு மேல் வைக்கலாம். வருவாயை, முன்பு எஸ்டேட் வரிக்குச் செய்ததுபோல், மாநிலங்களுக்குப் பகிர வேண்டும். உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்துத் தப்பாதிருக்க, அன்பளிப்பு வரியும் குடும்ப அறக்கட்டளைகள் மீதான கண்காணிப்பும் அதே மசோதாவில் இடம்பெற வேண்டும்.