வீட்டுத்தோட்டம்: சிவப்புத் தலைக் கள்ளி



பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டையோடு நிற்கும் சின்னக் கள்ளியை, பூங்கன்று விற்கும் இடங்களில் கண்டிருப்பீர்கள். "வாங்கிச் சில வருடத்திலேயே பட்டுப்போகிறதே, ஏன்?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியது வீணாகாமலிருக்க அதன் கதையை அறிந்துகொள்வோம்.

இதன் பெயர் ஜிம்னோகலிசியம் மிஹனோவிச்சி. தென் அமெரிக்காவின் பரகுவே நாட்டுப் பற்றைக்காடுகளே இதன் தாய்நிலம். அங்கே இது சிவப்பல்ல. சாம்பல் கலந்த பச்சை. சுமார் 5 சென்ரிமீற்றர் அகலத்தில், பற்றை நிழலில் தன் வேரிலேயே வாழும். 1940களில் யப்பானில் விதைபோட்டு வளர்த்த கன்றுகளுக்குள் சில சிவப்பாக முளைத்தன. அவற்றில் பச்சையம் இல்லை. ஆகவே தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்க முடியாது. வேறொரு கள்ளியில் ஒட்டியே அவற்றைப் பிழைக்கவைத்தார்கள்.

ஆக, ஒரு சாடியில் நிற்பவை இரண்டு செடிகள். கீழே உள்ள மூன்று விளிம்புத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழ இனம். அதுதான் இரண்டுக்கும் உணவு தருகிறது. சிவப்புத் தலையை வெட்டி மண்ணில் நட்டால் பிழைக்காது. இரண்டும் ஒரே வேகத்தில் வளராததால் ஒட்டும் நெடுங்காலம் நிலைக்காது. எனவே தாய் நன்றாக இருக்கும்போதே அதன் குட்டிகளைப் புதிதாக ஒட்டிவிட வேண்டும்.

ஒட்டும் முறை:

1. மழையில்லாத நாளில் நன்கு வேரூன்றிய டிராகன் பழத் தண்டை 8 சென்ரிமீற்றர் உயரத்தில், சுத்தமான கூரிய கத்தியால் மட்டமாக வெட்டுங்கள். விளிம்புகளைச் சற்றுச் சரிவாகச் சீவுங்கள்.

2. சிவப்புக் குட்டியைக் கழற்றி, அதன் அடியையும் மட்டமாகச் சீவுங்கள். இரு வெட்டிலும் நடுவே சிறு வளையம் தெரியும். அவை ஒன்றையொன்று தொடவேண்டும். உடனே வையுங்கள், காயவிடக் கூடாது.

3. சாடியோடு சேர்த்து இறப்பர் வளையம் போட்டு, அதிகம் நெரிக்காமல் பிடிக்கச் செய்யுங்கள். பத்து நாள் நிழலில் வைத்து, வெட்டில் தண்ணீர் படாமல் பாருங்கள்.

ஆற்று மணலும் உக்கிய பசளையும் கலந்த, நீர் தேங்காத மண் போதும். பழைய பேணியிலும் நடலாம். அடியில் துளை அவசியம். மண் காய்ந்த பின்பே ஊற்றுங்கள். காலை வெயில் நல்லது, உச்சி வெயில் சிவப்பைக் கருக்கும். மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தண்டில் கிளை வந்தால் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் தலைக்குப் போகும் உணவை அது எடுத்துக்கொள்ளும்.

ஒருமுறை வாங்கிய செடி இப்படி வருடக்கணக்கில் உங்கள் முற்றத்தில் தொடரும். கூடுதலாகப் பிடித்த கன்றுகளை விற்றால் கைச்செலவுக்கும் உதவும்.