வாஸ்துவா? வெள்ளைப் பூச்சா?

ஆம்பூர், வேலூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிலாளியும், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணும் கத்திரி வெயிலில் சிமெண்டு ஷீட்டின் கீழ்த் தூக்கமின்றிப் புழுங்குவது தலைவிதியா? அல்லவே அல்ல. கூரை வெயிலை உறிஞ்சி உள்ளே இறக்குகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வெள்ளை பூசினால் வெயில் திருப்பியடிக்கப்பட்டு வீட்டில் சூடு குறையும். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

சர்க்கார் செய்ததென்ன? 2007-இல் மின்சிக்கனக் கட்டிட விதி வகுத்தது மின்சாரம் மிகுதியாக இழுக்கும் பெரிய வியாபாரக் கட்டிடங்களுக்கே. 2024-இல் வந்த சூரிய மின்சாரத் திட்டம் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அதுவும் சொந்தக் கூரையும், மீதித் தொகைக்கு வழியும் உள்ளவனுக்கே. வாடகை ஷீட்டு வீட்டில் வேகிறவனுக்கு என்ன வழி என்று கேட்கின்றோம்.

நம்மவர் யோக்கியதையோ அதைவிட மோசம்! வாஸ்துக்காரன் சொன்னானென்று வட்டிக்கு வாங்கி, நல்ல வாசலை இடித்து வேறு திசையில் வைக்கிறார்கள். அவ்வாசல் வழியாகக் கடன் நுழைந்ததேயன்றி, குளிர்ச்சி நுழைந்ததுண்டா?

தோழர்களே! கூரைப் பூச்சுக்கு மானியம் வேண்டுமென்று சர்க்காரைக் கேளுங்கள். வாடகை வாங்கும் வீட்டுக்காரனையும் கேளுங்கள். வாசல் இடிக்கும் காசைக் கூரைக்குச் செலவிடுங்கள். வெயிலுக்கு வாஸ்து தெரியாது. வெள்ளையும் கறுப்புந்தான் தெரியும்.